ஜாஸ் பியானோவை அடியிலிருந்து கேட்பது எப்படி?

"மாஸ்டர், கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பிடிச்சுக்கிறதுன்னு தெரியல." என்னிடம் கீபோர்டு படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஜாஸ் பியானோ போட்டுக் காட்டினால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். நியாயமான புகார். நமக்குப் பாட்டு என்றால் மெட்டும் வரியும். இங்கே வரி கிடையாது. மெட்டு ஆரம்பத்தில் ஒருமுறை தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும், கடைசியில்தான் திரும்ப வரும். நடுவில் இருக்கும் ஐந்து நிமிடத்தை என்ன செய்வது?

நான் கல்யாணம், கோயில் திருவிழா என்று மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துப் பிழைக்கிறவன். ஜாஸ் வாசிக்கிறவன் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அதைக் கேட்கிறவன். கேட்டதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இந்த இசை மனசைப் பிசைகிற இடத்தை வலது கை ஓடுகிற ஓட்டத்தில் தேடினால் கிடைக்காது. கீழே கார்ட், அதாவது சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டம், மாறுகிற நொடியில்தான் அது நடக்கிறது. அந்த மாற்றம் காதில் விழ ஆரம்பித்துவிட்டால் மேலே நடப்பதெல்லாம் தானாகப் புரியும். அதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிக் குழப்பாமல், பெரும்பாலும் ஒரே ஆளை வைத்துக்கொள்வோம்: பில் எவன்ஸ். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிளெயின்ஃபீல்டில் பிறந்தவர், 1980இல் இறந்தவர். இவரைவிட வேகமாக வாசித்தவர்கள் உண்டு. ஆர்ட் டேட்டம் கையை ஓட்டினால் இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். ஆனால் கேட்கப் பழகுகிறவருக்கு எவன்ஸ்தான் வசதி. சத்தம் போட மாட்டார், அவசரப்பட மாட்டார், ஒவ்வொரு கார்டும் எங்கே மாறுகிறது என்று காதுக்கு நேரம் கொடுப்பார்.

ஹெட்போன் விஷயம்

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இது பணக்காரப் பேச்சு இல்லை, சாதாரண கணக்கு. ஜாஸில் பியானோவுக்குத் துணையாக வரும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பேஸின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். போனுக்குள் இருக்கும் நகத்தளவு ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. பேஸ் காணாமல் போனால் நான் சொல்லப்போகிற பாதி விஷயம் காணாமல் போகும். முந்நூறு ரூபாய் இயர்போன் இருந்தால் போதும், காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். சத்தத்தைக் குறைவாக வையுங்கள். இந்த இசையில் மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் வித்தியாசம் பெரிது. மெதுவான இடத்தில் ஏற்றி வைத்துக்கொண்டால் அடுத்த நிமிடம் காது வலிக்கும்.

முதலில் உங்கள் விரலால் ஒரு சோதனை

போனில் இலவசமாகக் கிடைக்கும் பியானோ ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கீபோர்டு இருந்தால் இன்னும் நல்லது. வலது கையில் ஒரே ஒரு சுரம்: மேற்கத்தியப் பெயரில் ஈ (E). அதை மட்டும் திரும்பத் திரும்ப நிதானமாகத் தட்டிக்கொண்டிருங்கள்.

இடது கையில் அதற்குக் கீழே சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நிம்மதியாக இருக்கும், ஒன்றும் நடக்காது. அடுத்து ஏ, சி, ஈ. மேலே இருக்கும் சுரத்தின் மீது லேசாக நிழல் விழும். அடுத்து எஃப், ஏ, சி. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அதே ஈ இப்போது எதையோ கேட்டு நிற்பதுபோல் ஆகியிருக்கும். கடைசியாக டி, எஃப், ஏ. இப்போது அது சந்தோஷமா வருத்தமா என்று பெயர் வைக்க முடியாது.

வலது கை நகரவே இல்லை. மெட்டு மாறவே இல்லை. மாறியதெல்லாம் அது எதன் மேல் நிற்கிறது என்பதுதான்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படும். சி-யை ஸட்ஜமாக வைத்தால் ஈ அந்தர காந்தாரம். நம் இசையில் ஸட்ஜம் தம்புராவில் அசையாமல் இருக்கும். காந்தாரத்தை எப்படி அசைக்கிறோம் என்பதில்தான் ராகத்தின் குணம் வரும். ஜாஸில் காந்தாரத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு கீழே உள்ள தரையை நகர்த்துகிறார்கள். பியானோவில் கமகம் கிடையாதே, வேறு வழி? இந்த ஒன்றைக் காது ஒத்துக்கொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று. கமகத்தைத் தேடிக்கொண்டே இருந்தால் ஜாஸ் பியானோ மொட்டையாகத்தான் தெரியும்.

தரை நகராத ஒரு பாட்டு

இதற்கு நேர்மாறான ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வேன். எவன்ஸ் 1958 டிசம்பரில் தனியாக வாசித்த 'பீஸ் பீஸ்'. 'எவ்ரிபடி டிக்ஸ் பில் எவன்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது, ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். வேறொரு பாட்டுக்கு முன்னால் வாசிக்கலாம் என்று தொடங்கிய முகப்பு இது. அதிலேயே லயித்துப்போய், பாட்டை விட்டுவிட்டு இதையே தனி உருப்படியாக ஆக்கிவிட்டார்.

இடது கை இரண்டே கார்ட். முதலாவது சி-யில் உட்காரும், இரண்டாவது ஜி-யில் தொங்கும். மறுபடி சி, மறுபடி ஜி. ஏறக்குறைய கடைசி வரை இதுதான், ஊஞ்சல் ஆட்டம். முதல் முறை கேட்கும்போது வலது கையை மறந்துவிட்டு இந்த ஆட்டத்தை மட்டும் பின்தொடருங்கள். ஒரு நிமிடத்தில் உங்கள் மூச்சு அந்த வேகத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது முறை வலது கை. ஆரம்பத்தில் குழந்தைக்கும் புரிகிற எளிய சுரங்கள். போகப் போக அது இடது கைக்குச் சம்பந்தமில்லாத சுரங்களைத் தொட ஆரம்பிக்கும். மேல் ஸ்தாயியில் பறவைச் சத்தம் மாதிரி கிறீச்சிடும், உரசும், ஒட்டாது. இடது கை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருக்கும். அப்புறம் வலது கை மெல்ல இறங்கி, பழைய இடத்துக்கு வந்து சேரும். அந்த வந்து சேர்தலில்தான் பலருக்குக் கண் கலங்குகிறது. தொடக்கத்தில் இருந்த அதே சுரங்கள்தான். உரசலைக் கேட்டுவிட்டு வந்த காதுக்கு அவை அதே சுரங்கள் இல்லை.

பாதியில் நிறுத்தினால் பயனில்லை என்று சொல்வது இதனால்தான். 'மனதை அமைதிப்படுத்தும் பியானோ' என்ற பெயரில் கிடைக்கும் தொகுப்புகளில் இதைப் பின்னணியில் ஓடவிட்டுவிட்டு வேலை பார்ப்பவர்கள் உண்டு. நடுவில் வரும் உரசலில் எரிச்சல்பட்டு அடுத்ததற்குத் தாண்டிவிடுவார்கள். சாம்பாரில் புளி வேண்டாம் என்கிற கேஸ்.

நாலு விரலில் ஒரு விரல்

இப்போது மூன்று பேராக வாசிக்கும் இசைக்கு வரலாம்: பியானோ, பேஸ், டிரம்ஸ். எவன்ஸின் இடது கையைப் பற்றிக் கீபோர்டுகாரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் டி மைனர் என்று எழுதியிருந்தால் இடது கையில் டி-யைத்தான் முதலில் அழுத்துவோம். கார்டின் அஸ்திவாரம் அது. எவன்ஸ் அதை வாசிக்கவே மாட்டார், பேஸ்காரரிடம் விட்டுவிடுவார். அவர் இடது கையில் இருப்பது எஃப், ஏ, சி, ஈ. அடுத்து ஜி வர வேண்டிய இடத்தில் எஃப், ஏ, பி, ஈ. இரண்டையும் உங்கள் ஆப்பில் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். நாலு விரலில் ஒன்றே ஒன்று, சி-யிலிருந்து பி-க்கு, அரைச் சுரம் இறங்குகிறது. மற்ற மூன்றும் அப்படியே. அதன்பிறகு ஈ, ஜி, பி, டி என்று இறங்கினால் சி மேஜருக்கு வந்து சேர்ந்துவிட்டோம், அதிலும் சி கிடையாது.

அந்த ஒரு விரல் இறங்குகிற இடத்தை மறுபடி மறுபடி அழுத்துங்கள். ஜாஸ் பாலட்களில், அதாவது மெதுவான பாட்டுகளில், நெஞ்சில் ஏதோ கழன்று இறங்குகிற மாதிரி ஒரு உணர்வு வருமே, அதன் எலும்புக்கூடு இதுதான். மேலே மெட்டு ஆர்ப்பாட்டமாக இருக்கலாம், சும்மாவும் இருக்கலாம். கைக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் ஒரு சுரம் அரைப்படி இறங்கியிருக்கும்.

இதன் இன்னொரு விளைவு: பேஸ்காரர் டி-யை வாசிக்காமல் வேறு எங்காவது போனால் கார்ட் அந்தரத்தில் நிற்கும். ஸ்காட் லஃபாரோ இதைத்தான் செய்தார். 1959 கடைசியில் எவன்ஸோடு சேர்ந்த இளைஞர். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம் என்று நடக்காமல் பியானோவோடு எதிர்ப்பேச்சு பேசினார். டிரம்ஸில் பால் மோஷியன், இவரும் தாளத்தைச் சுத்தியலால் அடித்து நிறுத்துகிறவர் இல்லை.

1959 டிசம்பரில் இவர்கள் பதிவு செய்த 'ஆட்டம் லீவ்ஸ்' கேளுங்கள். 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்' ஆல்பம். பிரான்சிலிருந்து வந்த பாட்டு, 32 பார் (தாளக் கட்டம்) நீளம். மெட்டு ஒருமுறை முடிந்ததும் தாளம் கலைந்துவிட்ட மாதிரி இருக்கும். பேஸ் ஒரு துண்டு, பியானோ ஒரு துண்டு, டிரம்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். முதல் முறை கேட்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. மனசுக்குள் மூல மெட்டைப் பாடிக்கொண்டே இந்தப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பேரும் மெட்டை விட்டு ஒரு பார்கூட நகரவில்லை என்பது தெரியும், வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்புறம் இரண்டாவது நிமிடம் வாக்கில் மூவரும் சட்டென்று ஒரே நடையில் இறங்குவார்கள். அந்த இடத்தில் உடம்பே ஒரு ஆட்டம் ஆடும். சோகம் மட்டும்தான் உணர்ச்சி என்று நினைக்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இந்த இடம்தான்.

தேய்ந்துபோகிற சுரம்

என் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் டோன் போட்டுக்கொண்டால் விரலை எடுக்கும்வரை சத்தம் நிற்கும். பாடுகிறவர் ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கி வீங்கச் செய்யலாம். பியானோவுக்கு இரண்டும் முடியாது. சுத்தி தந்தியை அடித்துத் திரும்பிய நொடியிலிருந்து சுரம் தேயத் தொடங்கிவிடும். வாசிப்பவர் கையில் இருப்பது அடிக்கிற வேகம், எப்போது அடிப்பது, எப்போது விடுவது, கூடப் பெடல்.

இதனால் மெதுவான பாட்டை இன்னும் மெதுவாக வாசிப்பது பியானோவில் துணிச்சலான வேலை. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே சத்தம் தேய்ந்துகொண்டே போகும், அடுத்தது வருமா என்று காது காத்துக்கொண்டிருக்கும். 'மை ஃபூலிஷ் ஹார்ட்' என்ற பாட்டை எவன்ஸ் 1961இல் வாசித்தது இதற்கு உச்சம். பெரிய கற்பனை வேலை ஒன்றும் இல்லை, மெட்டைத்தான் வாசிக்கிறார். கார்டில் மேல் விரலுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கொடுப்பதால் மெட்டு மிதக்கும். கீழ் விரல்கள் கிட்டத்தட்ட தடவிவிட்டுப் போகும். மோஷியன் பிரஷ்ஷால் சிம்பலைத் தொட்டு அது அடங்கும்வரை விடுவார். எங்கள் கச்சேரியில் இந்த வேகத்தில் வாசித்தால் கீபோர்டுகாரர் தூங்கிட்டாரா என்று மைக்கிலேயே கேட்டுவிடுவார்கள்.

கேட்கும் முறை இதுதான்: ஒரு சுரம் அடித்ததும் அதைத் தேயும்வரை காதால் விடாமல் பிடித்துக்கொண்டே போங்கள். அடுத்த சுரம் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதம்தான் பாட்டு.

இந்தப் பதிவு இருக்கும் ஆல்பம் 'வால்ட்ஸ் ஃபார் டெபி'. தலைப்புப் பாட்டையும் விடாதீர்கள். டெபி என்பது எவன்ஸின் அண்ணன் ஹாரியின் மகள். தொடக்கம் திஸ்ரம் (மூன்று தட்டு), பியானோவும் பேஸும் மட்டும் பொம்மைப் பெட்டி மாதிரி ஆடும். டிரம்ஸ் சேரும்போது நாலு தட்டுக்கு மாறிவிடும். எங்கே மாறுகிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள், அந்த இடத்தில் முகத்தில் சிரிப்பு வராமல் இருக்காது.

கதையைக் கடைசியில் படியுங்கள்

இந்த ஆல்பம் பதிவானது நியூயார்க்கில், கிரீனிச் வில்லேஜில் உள்ள வில்லேஜ் வேன்கார்ட் என்ற கிளப்பில். ஏழாவது அவென்யூவில் படி இறங்கிப் போகிற நிலவறை, 1935 முதல் அதே இடத்தில் இருக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு செட், இரவு மூன்று செட். பதினோரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் அதன்பின் பல மாதம் மேடைப் பக்கம் அதிகம் வரவில்லை.

இந்தத் தேதிகள் தெரிந்தபிறகு கேட்கிறவர்கள் அந்த ஆல்பம் முழுக்க ஒரு பிரிவுத் துயரம் ஓடுகிறது என்பார்கள். நானும் அப்படி உருகியவன்தான். ஆனால் ஜூன் 25 அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. ரெக்கார்டிலேயே ஜனங்கள் பேசுவது, சிரிப்பது, கிளாஸ் உரசுவது எல்லாம் கேட்கிறது. முன்னால் ஒரு பியானோ அப்படி வாசித்துக்கொண்டிருக்க அவர்கள் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே முதலில் கதை தெரியாமல் கேளுங்கள் என்பது என் கட்சி. (தெரியாமல் என்று நான்தான் இப்போது சொல்லிவிட்டேன், சரி, உங்கள் நண்பருக்குப் போட்டுக் காட்டும்போது சொல்லாதீர்கள்.) கதை கொடுக்கிற துக்கம் வேறு, கார்ட் கொடுக்கிற துக்கம் வேறு. இரண்டும் கலந்துவிட்டால் எது எது என்று பிரிப்பது கஷ்டம்.

பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. எவன்ஸ் எழுதிய 'வீ வில் மீட் அகெயின்' என்ற பாட்டை 1977 ஆகஸ்டில் மூவராகப் பதிவு செய்தார். அப்போது அண்ணன் ஹாரி உயிரோடு இருக்கிறார். ஹாரி 1979 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் எவன்ஸ் இதே பாட்டை மறுபடி பதிவு செய்தார். அதே பெயருள்ள ஆல்பத்தின் கடைசியில் அவர் தனியாக வாசிக்கும் சின்னப் பதிவு இருக்கிறது. 1977 பதிவோ எவன்ஸும் போனபிறகு 1981இல் 'யூ மஸ்ட் பிலீவ் இன் ஸ்பிரிங்' ஆல்பத்தில் வெளிவந்தது. அதில் பாட்டின் பெயரோடு 'ஹாரிக்கு' என்று சேர்த்திருக்கும். அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டால் இரங்கல் பாட்டு என்றுதான் நினைப்போம். வாசித்த அன்று அது இரங்கல் இல்லை.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எதில் துக்கம் அதிகம் என்று நண்பர்களிடம் கண்ணைக் கட்டிக் கேட்டுப் பாருங்கள். எனக்கு 1977தான் கனமாகப் படுகிறது. அதற்கு ஹாரி காரணமாக இருக்க முடியாது.

உரசல் பிடித்தவர்களுக்கு

எவன்ஸ் ரொம்ப வழுவழு என்று தோன்றினால் தெலோனியஸ் மங்க் என்ற இன்னொரு பியானோகாரரிடம் போங்கள். ஜாஸுக்கு வேராக இருந்த ப்ளூஸ் என்ற பாட்டு வகையின் பாடகர்கள் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு இடத்தில் நின்று பாடுவார்கள். பியானோவில் இரண்டுக்கும் கட்டை உண்டு, நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக்கு விரலை வழுக்கவிடுவார்கள். மங்க் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் ஒரேயடியாக அடித்துவிடுவார். தப்பு வாசிக்கிறாரோ என்று தோன்றும். நடுவில் இருக்கும் அந்த இல்லாத சுரத்தைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள், காது வேறு மாதிரி திறக்கும். 1957இல் பெரும்பாலும் தனியாக வாசித்த 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்' நல்ல தொடக்கம்.

'பீஸ் பீஸ்' பிடித்தவர்கள் கீத் ஜாரெட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பெரா ஹவுஸில் வாசித்ததைக் கேட்கலாம். மேடைக்கு வந்தது அவர் கேட்ட பியானோ இல்லை. சின்னது, மேல் சுரங்கள் தகரம், கீழ்ச் சுரங்களுக்கு உயிர் இல்லை. ஆகவே நடுப்பகுதியிலேயே சுற்றிக்கொண்டு இடது கையில் ஒரே சுழலைத் திரும்பத் திரும்ப வாசித்தார். முதல் பகுதி மட்டுமே அரை மணியை ஒட்டி வரும். எல்லோரும் முதலில் இதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். நான் கடைசியில் வைப்பேன், ஏனென்றால் அந்தச் சுழல் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், கார்ட் மாறுவதைக் கவனிக்க விடாது.

அப்புறம், அதே 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டை 1958இல் ஹாங்க் ஜோன்ஸ் பியானோவில் இருக்க, சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி 'சம்திங் எல்ஸ்' ஆல்பத்தில் பதிவு செய்திருக்கிறார். எவன்ஸ் துண்டு துண்டாக உடைத்த பாட்டு இங்கே இருட்டில் பதுங்கி நடக்கும். பாட்டு ஒன்றுதான், இடது கை வேறு. எந்த இடது கை உங்களை இழுக்கிறதோ அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போங்கள்.